ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் (டிசம்பர் 24, 1818 – அக்டோபர் 11, 1889) ஓர் ஆங்கிலேய இயற்பியலாளர் ஆவார். வெப்பம் ஆற்றலின் ஒரு வடிவமே என்பதையும், ஒரு குறிப்பிட்ட அளவு வேலை செலவாகும்போது அதற்கு ஈடான ஒரு குறிப்பிட்ட அளவு வெப்பம் எப்போதும் தோன்றுகிறது என்பதையும் இவர் துல்லியமான அளவீடுகளால் நிறுவினார். ஆற்றல் அழிவின்மை விதிக்கும், வெப்ப இயக்கவியலின் முதல் விதிக்கும் இவருடைய ஆய்வுகள் அடித்தளமாக அமைந்தன. வேலை, ஆற்றல், வெப்பம் ஆகிய மூன்றையும் அளக்கும் அனைத்துலக அலகு முறையின் அலகான ஜூல் இவர் பெயரால் வழங்கப்படுகிறது.

ஜூல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர் அல்லர். எந்தக் கல்விப் பதவியும் வகித்தவர் அல்லர். குடும்பத்திற்குச் சொந்தமான பியர் ஆலையில் பணிபுரிந்துகொண்டே, வீட்டில் அமைத்த ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலும் சொந்தச் செலவில் சோதனைகளை நடத்தினார். தொடக்கத்தில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அறிவியல் உலகம் இவருடைய முடிவுகளைப் பொருட்படுத்தவில்லை.

இளமையும் கல்வியும்

ஜூல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரை அடுத்துள்ள சால்ஃபோர்டில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் ஜூல் வசதி படைத்த பியர் ஆலை உரிமையாளர். தாயார் ஆலிஸ் பிரெஸ்காட். தாயாரின் குடும்பப் பெயரே ஜூலின் நடுப்பெயராக அமைந்தது. சிறு வயதில் முதுகெலும்புக் குறைபாட்டினால் உடல்நலம் குன்றியிருந்தமையால் இவர் பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே கல்வி கற்றார்.

1834ஆம் ஆண்டில் ஜூலும் அவருடைய அண்ணன் பெஞ்சமினும் அணுக்கொள்கையை முன்வைத்த புகழ்பெற்ற வேதியியலாளர் ஜான் டால்ட்டனிடம் மாணவர்களாகச் சேர்க்கப்பட்டனர். டால்ட்டன் மான்செஸ்டர் இலக்கிய, மெய்யியல் கழகத்தின் கட்டிடத்தில் தனிப்பட்ட முறையில் பாடம் கற்பித்து வந்தார். எண்கணிதத்தையும் வடிவியலையும் முதலில் கற்பித்த பின்னரே அவர் வேதியியலுக்கு வந்தார். 1837இல் டால்ட்டன் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டதால் இக்கல்வி இடையில் நின்றது. எனினும், அளவீட்டின் மீது ஜூலுக்கு இருந்த ஈடுபாட்டிற்கு டால்ட்டனே தூண்டுகோலாக இருந்தார் எனக் கருதப்படுகிறது.

இதே காலத்தில் ஜூல் ஆலைப் பணியிலும் ஈடுபடத் தொடங்கினார். பியர் தயாரிப்பில் வெப்பநிலையைக் கவனமாகக் கட்டுப்படுத்துவது இன்றியமையாதது. வெப்பமானிகளைக் கையாள்வதில் இவர் பெற்ற திறமைக்கு ஆலை அனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

பின்னணி: வேலை, இயந்திர ஆற்றல், வெப்பம்

ஜூலின் பணியைப் புரிந்துகொள்ள, அவர் காலத்தில் இயந்திரவியல் எந்த நிலையில் இருந்தது என்பதை அறிதல் வேண்டும்.

ஒரு விசை தன் திசையில் ஒரு பொருளை நகர்த்தும்போது, விசையையும் நகர்ந்த தொலைவையும் பெருக்கிவரும் அளவு வேலை எனப்படுகிறது. இந்தக் கருத்து பொறியாளர்களின் நடைமுறைத் தேவையிலிருந்து உருவானது. சுரங்கங்களிலிருந்து நீரை இறைக்கும் நீராவிப் பொறிகளை ஒப்பிட, ஒரு குறிப்பிட்ட அளவு நிலக்கரியைக் கொண்டு எத்தனை பவுண்டு எடையை ஓர் அடி உயரத்திற்கு உயர்த்த முடியும் என்று அவர்கள் கணக்கிட்டனர். ஒரு பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் வேலை ஓர் அடி-பவுண்டு எனப்பட்டது. 1829இல் பிரெஞ்சு அறிஞர் கொரியோலிஸ் இக்கருத்துக்குத் தெளிவான கணித வடிவம் அளித்தார். அதற்கு ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்னரே லைப்னிட்ஸ், நிறையையும் திசைவேகத்தின் இருமடியையும் பெருக்கிவரும் அளவை உயிர்விசை என அழைத்திருந்தார். அதன் பாதியே இன்று இயக்க ஆற்றல் எனப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். 1 கிலோகிராம் நிறையுள்ள கல் ஒன்று தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் உள்ளது. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 எனக் கொண்டால், அக்கல்லின் நிலை ஆற்றல் இன்றைய அலகில் 98 ஜூல் ஆகும். கல்லைக் கீழே விட்டால், தரையைத் தொடும் தறுவாயில் அதன் வேகம் நொடிக்கு 14 மீட்டராக இருக்கும். அப்போது அதன் இயக்க ஆற்றல், 1 கிலோகிராமில் பாதியையும் 14இன் இருமடியான 196ஐயும் பெருக்கிவரும் 98 ஜூல். விழும் வழியில் எந்த இடத்தில் கணக்கிட்டாலும், காற்றின் தடையைப் புறக்கணித்தால், நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் ஆகியவற்றின் கூடுதல் 98 ஜூலாகவே இருக்கும். இதுவே இயந்திர ஆற்றல் அழிவின்மை விதியாகும்.

இந்த விதி ஊசலுக்கும் கோள்களுக்கும் நன்கு பொருந்தியது. ஆனால் உராய்வு உள்ள இடங்களில் பொருந்தவில்லை. தரையில் விழுந்த கல் அசையாமல் கிடக்கிறது. அதற்கு இயக்க ஆற்றலும் இல்லை, தரையை ஒப்பிட நிலை ஆற்றலும் இல்லை. அந்த 98 ஜூல் எங்கே சென்றது என்பதற்கு அன்றைய இயந்திரவியலில் அளவு சார்ந்த விடை இல்லை. உராய்வினால் இயந்திர ஆற்றல் இழக்கப்படுகிறது என்று மட்டும் கூறப்பட்டது.

மறுபுறம், வெப்பம் என்பது கலோரிக் எனப்படும் எடையற்ற ஒரு பாய்மம் என்ற கொள்கை பரவலாக ஏற்கப்பட்டிருந்தது. இக்கொள்கையின்படி வெப்பத்தைப் புதிதாக உண்டாக்கவோ அழிக்கவோ இயலாது. அது ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் பாய மட்டுமே செய்யும். 1798இல் ரம்ஃபோர்டு பிரபு, மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய்களைத் துளையிடும்போது உராய்வினால் வெப்பம் தொடர்ந்து தோன்றுவதைச் சுட்டிக்காட்டி இக்கொள்கையை எதிர்த்தார். ஆனால் அவருடைய சோதனை கலோரிக் கொள்கையை வீழ்த்தவில்லை. எவ்வளவு வேலைக்கு எவ்வளவு வெப்பம் என்பது நிலைநாட்டப்படாத வரையில் அக்கொள்கைக்கு இடம் இருந்தது.

மின்பொறியும் மின்னோட்டத்தின் வெப்பமும்

ஜூல் வெப்பத்தைத் தேடித் தொடங்கவில்லை. ஆலையில் நீராவிப் பொறிக்கு மாற்றாக மின்பொறியைப் பயன்படுத்த முடியுமா என்பதே அவருடைய முதல் கேள்வி. மின்பொறி பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1838இல், வில்லியம் ஸ்டர்ஜன் நடத்திய மின்னியல் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 19.

1841ஆம் ஆண்டளவில் ஜூல் ஏமாற்றமளிக்கும் ஒரு முடிவுக்கு வந்தார். மின்கலத்தில் ஒரு பவுண்டு துத்தநாகம் கரைந்து செய்யும் வேலை, சிறந்த நீராவிப் பொறியில் ஒரு பவுண்டு நிலக்கரி எரிந்து செய்யும் வேலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே எனக் கணக்கிட்டார். துத்தநாகத்தின் விலையோ நிலக்கரியை விடப் பன்மடங்கு அதிகம். மின்பொறி பொருளாதார முறையில் பயனற்றது என்ற முடிவு, வேறொரு வகையில் பயனளித்தது. துத்தநாகம், நிலக்கரி, மின்னோட்டம், வெப்பம் ஆகிய அனைத்தையும் வேலை என்னும் ஒரே அளவுகோலால் ஒப்பிடும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது.

இதற்கிடையில், மின்னோட்டம் பாயும் கம்பியில் தோன்றும் வெப்பத்தை ஜூல் அளந்தார். குறிப்பிட்ட நேரத்தில் தோன்றும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கும் கம்பியின் மின்தடைக்கும் நேர்விகிதத்தில் உள்ளது என்பதை 1840இல் கண்டறிந்து 1841இல் விரிவாக வெளியிட்டார். இது ஜூல் விதி என அழைக்கப்படுகிறது. மின்னிழை விளக்கு, மின்சலவைப் பெட்டி, உருகி இழை ஆகியவை இவ்விதியின் அடிப்படையில் இயங்குவனவாகும்.

வெப்பத்தின் இயந்திர மதிப்பு

மின்கலத்தால் சூடாகும் கம்பியைக் கண்டு, வெப்பம் மின்கலத்திலிருந்து கம்பிக்குப் பாய்ந்தது என்று கலோரிக் கொள்கையினர் வாதிட முடியும். இதைச் சோதிக்க ஜூல் மின்கலமே இல்லாத ஒரு மின்சுற்றை அமைத்தார். நீர் நிறைந்த குழாயினுள் ஒரு சிறிய மின்காந்தத்தை வைத்து, அதனை ஒரு வலிமையான காந்தத்தின் முனைகளுக்கிடையே சுழற்றினார். தூண்டப்பட்ட மின்னோட்டத்தால் நீர் சூடாகியது. சுற்றின் எந்தப் பகுதியும் அதற்கு ஈடாகக் குளிரவில்லை. ஆகவே வெப்பம் வேறு இடத்திலிருந்து வந்ததன்று. சுழற்றுவதற்குச் செலவிட்ட வேலையிலிருந்து புதிதாகத் தோன்றியது என முடிவு செய்தார்.

அடுத்து, கையால் சுழற்றுவதற்குப் பதிலாக, கயிற்றில் தொங்கும் எடைகள் கீழிறங்குவதன் மூலம் அக்கருவியைச் சுழலச் செய்தார். இறங்கிய எடையையும் உயரத்தையும் கொண்டு வேலையைக் கணக்கிட்டார். ஒரு பவுண்டு நீரின் வெப்பநிலையை ஒரு பாரன்ஹீட் பாகை உயர்த்த, சராசரியாக 838 அடி-பவுண்டு வேலை தேவை என்பது அவர் பெற்ற முடிவு. இந்த எண் வெப்பத்தின் இயந்திர ஈடு எனப்படுகிறது. தனித்தனிச் சோதனைகளின் விடைகள் 587 முதல் 1040 வரை வேறுபட்டிருந்தன. 1843 ஆகஸ்ட் மாதம் அயர்லாந்தின் கார்க் நகரில் நடந்த பிரித்தானிய அறிவியல் கழகக் கூட்டத்தில் ஜூல் இதனை வாசித்தார். அவையில் எவரும் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை.

ஒரே எண் வெவ்வேறு வழிகளில் கிடைத்தால்தான் அது இயற்கையின் மாறிலி எனக் கூற முடியும் என்பதை ஜூல் உணர்ந்திருந்தார். ஆகவே அவர் வழிமுறைகளை மாற்றி மாற்றி அளந்தார். நுண்ணிய துளைகளின் வழியாக நீரை அழுத்திச் செலுத்தியபோது 770 கிடைத்தது. காற்றை ஒரு செப்புக் கலனில் 22 வளிமண்டல அழுத்தம் வரை அழுத்தியபோது தோன்றிய வெப்பத்திலிருந்து 798 கிடைத்தது. காற்றுப் பற்றிய இந்த ஆய்வைத் தனது இதழில் வெளியிட இலண்டன் அரச கழகம் மறுத்துவிட்டது. அது 1845இல் பிலசாபிகல் மேகசின் இதழில் வெளிவந்தது.

இக்கட்டுரையில் வேறொரு முக்கியமான சோதனையும் இருந்தது. அழுத்தப்பட்ட காற்று ஒரு வெற்றிடக் கலனுக்குள் விரிவடையும்போது, வெளியே எந்த எடையையும் தள்ள வேண்டியதில்லை. எனவே அது வேலை செய்வதில்லை. அவ்வாறு விரிந்தபோது சுற்றியிருந்த நீரின் வெப்பநிலையில் மாற்றம் எதுவும் தென்படவில்லை. விரிவடைவதால் மட்டும் வாயு குளிர்வதில்லை, வேலை செய்வதால்தான் குளிர்கிறது என்பதை இது காட்டியது.

1847 ஆம் ஆண்டு

1845 முதல் ஜூல் ஒரு புதிய கருவியைப் பயன்படுத்தினார். இறங்கும் எடைகள் ஒரு துடுப்புச் சக்கரத்தைச் சுழற்றி, கலத்தில் உள்ள நீரைக் கலக்கின. இதில் மின்சாரமும் காந்தமும் இல்லை. வேலையும் நீரின் உராய்வும் மட்டுமே இருந்தன. 1845இல் இக்கருவி 890 என்ற விடையைத் தந்தது. மேம்படுத்தப்பட்ட பின்னர் 1847இல் ஏறத்தாழ 782 என்ற விடையைத் தந்தது.

1847 ஏப்ரல் 28 அன்று மான்செஸ்டரில் உள்ள புனித ஆன் தேவாலயத்தின் வாசிப்பறையில் ஜூல் பொதுமக்களுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பொருள், உயிர்விசை, வெப்பம் ஆகியவை பற்றிய இச்சொற்பொழிவில், உராய்வினாலும் மோதலினாலும் அழிந்துவிட்டதாகத் தோன்றும் உயிர்விசை உண்மையில் வெப்பமாக மாறுகிறது என எளிய முறையில் விளக்கினார். விண்கற்கள் எரிவதற்குக் காற்றுடன் ஏற்படும் உராய்வே காரணம் என்றும் கூறினார். கடவுள் படைத்த ஆற்றல்களை மனிதனால் அழிக்க இயலாது என்ற சமய நம்பிக்கையும் அவருடைய சிந்தனைக்குத் துணையாக இருந்தது. அறிவியல் இதழ் எதிலும் அன்றி, இச்சொற்பொழிவின் முழு வடிவம் மான்செஸ்டர் கூரியர் என்னும் செய்தித்தாளில் வெளியானது. ஜூலின் அண்ணன் அந்நாளிதழுக்கு இசை விமர்சனங்கள் எழுதி வந்தவர்.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஆக்ஸ்போர்டில் பிரித்தானிய அறிவியல் கழகம் கூடியது. நேரம் இல்லாமையால் கட்டுரையை வாசிக்க வேண்டாம், சுருக்கமாக வாய்மொழியில் கூறினால் போதும் என்று ஜூல் கேட்டுக்கொள்ளப்பட்டார். கார்க் நகரில் நேர்ந்ததே இங்கும் நேர்ந்திருக்கும். ஆனால் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியராக அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த இளைஞர் வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) எழுந்து எழுப்பிய கருத்துகளால் அவையின் கவனம் ஜூலின் பக்கம் திரும்பியது. மைக்கேல் ஃபாரடேயும் அவையில் இருந்தார்.

தாம்சன் உடனடியாக உடன்பட்டுவிடவில்லை. வெப்பப் பொறிகளைப் பற்றிய கார்னோவின் கோட்பாட்டை அவர் மதித்தார். அக்கோட்பாட்டில் வெப்பம் அழியாமல், உயர் வெப்பநிலையிலிருந்து தாழ் வெப்பநிலைக்கு இறங்கும்போதே வேலை கிடைக்கிறது. வேலை வெப்பமாக மாறுவதை ஏற்றாலும், வெப்பம் வேலையாக மாறுகிறது என்பதை ஏற்க அவருக்குத் தயக்கம் இருந்தது. 1850இல் செருமானிய இயற்பியலாளர் கிளாசியஸ் இரு கருத்துகளையும் இணைத்துக் காட்டினார். 1851இல் தாம்சனும் ஜூலின் முடிவை முழுமையாக ஏற்றார். வெப்ப இயக்கவியலின் முதல் இரண்டு விதிகளும் இவ்வாறே உருப்பெற்றன.

1847 ஆகஸ்ட் 18 அன்று ஜூல் அமெலியா கிரைம்ஸ் என்பவரை மணந்தார். மணமக்கள் ஆல்ப்ஸ் மலைப் பகுதிக்குச் சென்றிருந்தபோது, அருவி நீரின் வெப்பநிலை உயர்வை அளப்பதற்கான வெப்பமானியுடன் ஜூல் நடந்து வந்ததைக் கண்டதாகத் தாம்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அருவி நீர் 427 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால்தான் அதன் வெப்பநிலை ஒரு செல்சியஸ் பாகை உயரும். ஏறத்தாழ 160 அடி உயரமுள்ள நயாகரா அருவியில் இவ்வுயர்வு பாரன்ஹீட் அளவில் ஐந்தில் ஒரு பாகையளவே இருக்கும் என ஜூல் முன்னரே கணக்கிட்டிருந்தார். சிறிய அருவிகளில் நீர் திவலைகளாகச் சிதறிவிடுவதால் இதனை அளப்பது கடினம்.

துடுப்புச் சக்கரச் சோதனை

ஜூலின் சோதனைகளுள் மிகவும் புகழ்பெற்றது 1849இல் நிறைவுற்ற துடுப்புச் சக்கரச் சோதனையாகும். ஃபாரடே இதனை அரச கழகத்தின் முன் வைத்தார். 1850இல் அது கழகத்தின் இதழில் வெளிவந்தது. இச்சோதனை ஜூலின் வீட்டின் நிலவறையில் நடைபெற்றது. அங்கு வெப்பநிலை அதிகம் மாறாது என்பதே காரணம்.

நீர் நிறைந்த ஒரு செப்புக் கலத்தினுள் பித்தளைத் துடுப்புச் சக்கரம் ஒன்று பொருத்தப்பட்டது. நீர் சக்கரத்துடன் சேர்ந்து சுழன்றுவிடாமல் தடுக்க, கலத்தின் உட்புறத்தில் அசையாத தகடுகள் இருந்தன. சுழலும் துடுப்புகள் அத்தகடுகளின் இடைவெளிகளில் புகுந்து சென்றன. ஏறத்தாழ 29 பவுண்டு கொண்ட இரண்டு ஈய எடைகள் கயிறு, கப்பிகளின் வழியாகச் சக்கரத்தைச் சுழற்றின. எடைகள் 63 அங்குலம் இறங்கியதும் மீண்டும் மேலே சுற்றி ஏற்றப்பட்டன. ஏற்றும்போது துடுப்பு சுழலாதவாறு அச்சு கழற்றிவிடப்பட்டது. இவ்வாறு 20 முறை இறக்கினால் ஒரு சோதனை முடியும். அதற்கு 35 நிமிடங்கள் ஆயின.

இதன் கணக்கை இன்றைய அலகுகளில் பின்வருமாறு காணலாம். (எண்கள் தோராயமானவை.)

இரு எடைகளின் மொத்த நிறை: 26.3 கிலோகிராம்
ஒருமுறை இறங்கும் தொலைவு: 1.6 மீட்டர்
20 முறைகளில் மொத்தத் தொலைவு: 32 மீட்டர்
இழந்த நிலை ஆற்றல்: 26.3 × 9.8 × 32 = ஏறத்தாழ 8250 ஜூல்
சூடாகிய நீர் (கலத்தையும் சக்கரத்தையும் நீரின் அளவில் சேர்த்து): 6.3 கிலோகிராம்
வெப்பநிலை உயர்வு: 0.31 செல்சியஸ் பாகை

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். எடைகள் தடையின்றி விழுந்திருந்தால், 1.6 மீட்டர் இறங்கியபின் அவற்றின் வேகம் நொடிக்கு 5.6 மீட்டராக இருந்திருக்கும். ஆனால் துடுப்பின் மீது நீர் செலுத்தும் தடையால் அவை நொடிக்கு 6 சென்டிமீட்டர் என்ற மெதுவான, சீரான வேகத்தில் இறங்கின. ஒருமுறை இறங்கும்போது இழக்கப்படும் நிலை ஆற்றல் 412 ஜூல். எடைகள் பெறும் இயக்க ஆற்றலோ ஒரு ஜூலில் இருபதில் ஒரு பங்கே. அதாவது, இயந்திர ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிட்டது. அது எவ்வளவு மறைந்ததோ அவ்வளவும் நீரின் வெப்பமாகக் கலத்தில் இருந்தது என்பதை வெப்பமானி காட்டியது.

அளக்க வேண்டிய வெப்பநிலை உயர்வு மிகச் சிறியதாகையால், பிழைகளைக் களைவதே பெரும் பணியாக இருந்தது. மான்செஸ்டரைச் சேர்ந்த கருவி வல்லுநர் ஜான் டான்சர் உருவாக்கிய வெப்பமானிகளைக் கொண்டு பாரன்ஹீட் பாகையில் 200இல் ஒரு பங்கு வரை ஜூல் அளந்தார். தம் உடலின் வெப்பம் கலத்தைத் தாக்காதிருக்க மரத்திரை அமைத்தார். வெப்பம் அச்சின் வழியே கடத்தப்படாதிருக்க இடையில் ஒரு மரத்துண்டைப் பொருத்தினார். கப்பிகளின் உராய்வையும், எடைகள் தரையைத் தொடும்போது எஞ்சியிருந்த வேகத்தையும் கணக்கில் கழித்தார். துடுப்பு சுழலாதபோது அறையின் வெப்பத்தால் மட்டும் நீர் எவ்வளவு சூடாகிறது என்பதைத் தனியே அளந்து நீக்கினார். நீரைக் கொண்டு மட்டும் 40 முறை இச்சோதனையைச் செய்தார்.

பின்னர் நீருக்குப் பதிலாகப் பாதரசத்தையும், ஒன்றோடொன்று உராயும் வார்ப்பிரும்புத் தட்டுகளையும் பயன்படுத்தினார். நீரில் 772.7, பாதரசத்தில் 774.1, வார்ப்பிரும்பில் 775.0 என விடைகள் கிடைத்தன. தன்மையில் முற்றிலும் வேறுபட்ட மூன்று பொருட்கள் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தந்தமையே ஜூலின் வாதத்திற்கு உறுதியான சான்றாக அமைந்தது. இவற்றுள் நீரின் விடையை அதிகம் நம்பிய ஜூல், 772 அடி-பவுண்டு என்பதை இறுதி மதிப்பாக அறிவித்தார். இது ஒரு கலோரிக்கு 4.15 ஜூல் ஆகும். இன்றைய மதிப்பான 4.19உடன் ஒப்பிட்டால் வேறுபாடு 100இல் ஒரு பங்கிற்கும் குறைவே.

ஜூலின் கட்டுரையில் மூன்று முடிவுகள் இருந்தன. வெப்பத்தின் அளவு செலவிட்ட வேலைக்கு நேர்விகிதத்தில் உள்ளது என்பது முதலாவது. 772 என்ற எண் இரண்டாவது. உராய்வு என்பதே இயந்திர ஆற்றல் வெப்பமாக மாறும் நிகழ்வு என்பது மூன்றாவது. கட்டுரையை மதிப்பிட்ட குழுவின் விருப்பத்திற்கிணங்க மூன்றாவது முடிவு நீக்கப்பட்டது. அளவீட்டை ஏற்ற பின்னரும், அதன் பொருளை ஏற்பதில் அறிவியல் உலகுக்குத் தயக்கம் இருந்தமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இயந்திர ஆற்றல் அழிவின்மை விதியில் இதன் இடம்

இயந்திர ஆற்றல் அழிவின்மை விதி, ஈர்ப்பு விசை, வில்லின் மீட்பு விசை போன்ற விசைகள் மட்டும் வேலை செய்யும்போது பொருந்தும். இவ்விசைகளுக்கு எதிராகச் செய்யப்படும் வேலை நிலை ஆற்றலாகச் சேமிக்கப்பட்டு முழுமையாகத் திரும்பக் கிடைக்கும். உராய்வு விசைக்கு எதிராகச் செய்யும் வேலை அவ்வாறு திரும்பக் கிடைப்பதில்லை. எனவே உராய்வுள்ள இடத்தில் நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் ஆகியவற்றின் கூடுதல் குறைந்துகொண்டே வரும்.

ஜூலுக்கு முன்னர் இக்குறைவு ஓர் இழப்பாகவே கருதப்பட்டது. ஜூலின் அளவீடுகளுக்குப் பின்னர் அது ஒரு மாற்றமாக அறியப்பட்டது. வெப்பத்தையும் கணக்கில் சேர்த்தால் மொத்த ஆற்றல் மாறுவதில்லை. எனவே பள்ளிப் பாடநூல்களில் இயந்திர ஆற்றல் அழிவின்மை விதியுடன் சேர்த்துக் கூறப்படும் உராய்வற்ற நிலை என்னும் நிபந்தனை, அவ்விதியின் குறையைக் காட்டுவதன்று. அதனினும் பொதுவான ஆற்றல் அழிவின்மை விதியின் ஒரு பகுதியே அது என்பதைக் காட்டுவதாகும். நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் ஆகிய சொற்களே ஜூலின் சோதனைக்குப் பின்னர் வழக்கிற்கு வந்தவை. முதலாவதை 1853இல் ராங்கினும், இரண்டாவதை 1860களில் தாம்சனும் டெய்ட்டும் பரப்பினர்.

மையரும் முன்னுரிமைச் சர்ச்சையும்

ஆற்றல் அழிவின்மைக் கருத்து ஒருவருக்கே உரியதன்று. செருமானிய மருத்துவர் யூலியஸ் ராபர்ட் மையர், 1842இலேயே வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று ஈடானவை என எழுதினார். 1840இல் கப்பல் மருத்துவராகச் சாவகத் தீவுக்குச் சென்றபோது, மாலுமிகளின் சிரை இரத்தம் வழக்கத்தை விடச் சிவப்பாக இருப்பதைக் கண்டதே அவருடைய சிந்தனையின் தொடக்கம். வாயுக்களைப் பற்றி அன்று கிடைத்த தரவுகளிலிருந்து, நீரை ஒரு செல்சியஸ் பாகை சூடாக்க அது 365 மீட்டர் விழ வேண்டும் என அவர் கணக்கிட்டார். டென்மார்க்கின் லுட்விக் கோல்டிங் 1843இல் இதையொத்த கருத்தை வெளியிட்டார். செருமனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1847இல் இவ்விதியின் பொதுவான கணித வடிவத்தை அளித்தார்.

யார் முதலில் கண்டறிந்தார் என்பது பற்றி 1848 முதல் ஜூலுக்கும் மையருக்கும் இடையே சர்ச்சை எழுந்தது. 1862இல் ஜான் டிண்டல் மையருக்கு ஆதரவாகப் பேசியபோது அது மீண்டும் வலுத்தது. கருத்தை முதலில் வெளியிட்டவர் மையர் என்பதும், சோதனைகளின் மூலம் அதனை நிறுவியவர் ஜூல் என்பதும் இன்று பொதுவாக ஏற்கப்படுகின்றன. அரச கழகத்தின் உயரிய விருதான காப்ளி பதக்கம் 1870இல் ஜூலுக்கும், அடுத்த ஆண்டு மையருக்கும் வழங்கப்பட்டது.

பிற ஆய்வுகள்

1842ஆம் ஆண்டளவில், காந்தமாக்கப்படும்போது இரும்புத் தண்டின் நீளம் சிறிதளவு மாறுவதை ஜூல் கண்டறிந்தார். 1848இல் வாயு மூலக்கூறுகளின் வேகத்தைக் கணக்கிட்டு, வாயுக்களின் இயக்கக் கொள்கைக்குப் பங்களித்தார்.

1852 முதல் ஜூலும் தாம்சனும் இணைந்து பணியாற்றினர். அழுத்தப்பட்ட வாயுவை நுண்துளைகள் கொண்ட ஓர் அடைப்பின் வழியாக விரிவடையச் செய்தபோது பெரும்பாலான வாயுக்கள் சிறிதளவு குளிர்வதைக் கண்டனர். இது ஜூல்-தாம்சன் விளைவு எனப்படுகிறது. 1895இல் காற்றைத் திரவமாக்கும் தொழில்முறை இவ்விளைவின் அடிப்படையில் உருவாக்கப்பட்டது.

பிற்கால வாழ்க்கை

ஜூல்–அமெலியா இணையருக்கு ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தனர். 1854இல் பிறந்த மூன்றாவது குழந்தை சில வாரங்களில் இறந்தது. அமெலியாவும் அதே ஆண்டில் காலமானார். அதன் பின்னர் ஜூல் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பொதுவாழ்விலிருந்து பெரிதும் ஒதுங்கியே இருந்தார். 1850களின் நடுப்பகுதியில் குடும்பத்தின் ஆலை விற்கப்பட்டது.

1867இல் பிரித்தானிய அறிவியல் கழகத்திற்காக, மின்னோட்டத்தின் வெப்பத்தைக் கொண்டு இயந்திர ஈட்டை மீண்டும் அளந்தபோது ஏறத்தாழ 783 கிடைத்தது. இதற்கும் 772க்கும் இடையிலான வேறுபாட்டைப் புறக்கணிக்காமல், வயது முதிர்ந்த நிலையிலும் ஜூல் துடுப்புச் சக்கரச் சோதனையைப் புதிதாகச் செய்தார். 1878இல் கிடைத்த விடை 772.55. பழைய அளவீடு சரியாகவே இருந்தது. அன்று பயன்பாட்டிலிருந்த மின்தடைப் படித்தரத்திலேயே பிழை இருந்தது. 1879இல் அமெரிக்க இயற்பியலாளர் ஹென்றி ரோலண்டு, வெப்பமானிகளைத் திருத்தியமைத்து அளந்து, ஜூலின் மதிப்பு சற்றே குறைவானது எனக் காட்டினார். இன்றைய மதிப்பு 778 ஆகும்.

ஆய்வுகளுக்காகச் செலவிட்டதால் பிற்காலத்தில் ஜூலின் பொருளாதார நிலை தளர்ந்தது. 1878இல் பிரித்தானிய அரசு அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டு ஓய்வூதியம் வழங்கியது. நீண்டகால நோய்க்குப் பின்னர் 1889 அக்டோபர் 11 அன்று மான்செஸ்டரை அடுத்த சேல் என்னும் ஊரில் காலமானார். அங்குள்ள புரூக்லண்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறைக் கல்லில் 772.55 என்ற எண் பொறிக்கப்பட்டுள்ளது.

சிறப்புகள்

ஜூல் 1850இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1852இல் அக்கழகத்தின் அரச பதக்கத்தையும், 1870இல் காப்ளி பதக்கத்தையும், 1880இல் கலைகளுக்கான அரச கழகத்தின் ஆல்பர்ட் பதக்கத்தையும் பெற்றார். டப்ளின், ஆக்ஸ்போர்டு, எடின்பரோ ஆகிய பல்கலைக்கழகங்கள் அவருக்கு மதிப்புறு பட்டங்கள் வழங்கின. மான்செஸ்டர் இலக்கிய, மெய்யியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். மான்செஸ்டர் நகர மண்டபத்தில் ஜூலின் சிலையும் அவருடைய ஆசிரியர் டால்ட்டனின் சிலையும் எதிரெதிரே அமைக்கப்பட்டுள்ளன.

1889இல் பாரிசில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு, ஆற்றலின் நடைமுறை அலகுக்கு ஜூல் எனப் பெயரிட்டது. அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் இது நிகழ்ந்தது. ஒரு நியூட்டன் விசை ஒரு பொருளைத் தன் திசையில் ஒரு மீட்டர் நகர்த்தும்போது செய்யப்படும் வேலை ஒரு ஜூல் ஆகும். ஏறத்தாழ 100 கிராம் நிறையுள்ள ஓர் எலுமிச்சம்பழத்தை ஒரு மீட்டர் உயர்த்த இவ்வளவு வேலை தேவைப்படும்.

1948இல் எடைகள், அளவுகளுக்கான அனைத்துலகப் பொது மாநாடு, வெப்பத்தின் அலகாகவும் ஜூலையே ஏற்றது. வேலைக்கு ஓர் அலகும் வெப்பத்திற்கு வேறோர் அலகும் தேவையில்லை என்பது இதன் பொருள். கலோரி என்பது இன்று ஜூலின் வழியாகவே வரையறுக்கப்படுகிறது.